எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் பெருக்குவது எப்படி? கானா நடந்த பாதையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கானா நாட்டில் மின்வெட்டுக்கு டும்சோர் என்று பெயர். அக்கான் மொழியில் 'டும்' என்றால் அணைப்பது, 'சோ' என்றால் ஏற்றுவது. 2015-இன் தொடக்க மாதங்களில் 24 மணி நேரம் மின்சாரம் இல்லை, அடுத்த 12 மணி நேரம் உண்டு என்று முறைவைத்து விநியோகித்தார்கள். அக்ராவின் தெருக்களில் 'கோல்ட் ஸ்டோர்' என்ற பலகையோடு சிறு கடைகள் ஏராளமாக உண்டு. உறையவைத்த மீனும் கோழியும் விற்கும் கடைகள் அவை. ஒரு பகலும் ஓர் இரவும் மின்சாரம் நின்றால் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் பனி உருகி மூடியோரம் நீர் கசியும். பிறகு மீனின் கண் மங்கும், செவுள் நிறம் மாறும். மாலைக்குள் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். ஜெனரேட்டர் வாங்கி ஓட்டினால் லாபம் முழுவதும் எண்ணெய்க்குப் போய்விடும்.

அந்த நேரத்தில் கானாவிடம் என்னவெல்லாம் இருந்தன? அபோவாட்ஸே கடற்கரையில் அனல்மின் நிலையங்கள், நைஜீரியாவிலிருந்து வரும் கடலடிக் குழாய், சொந்தக் கடலில் எண்ணெயோடு சேர்ந்து கிடைத்த எரிவாயு, அதைச் சுத்திகரிக்கும் ஆலை எல்லாமே இருந்தன. ஆனாலும் விளக்கு எரியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. 2019-இல் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் கணக்கு வைத்தபோது, நாட்டின் நிறுவுதிறன், அதாவது எல்லா நிலையங்களும் சேர்ந்து உற்பத்தி செய்யக்கூடிய அளவு, 5,083 மெகாவாட்டாகவும், உச்சத் தேவை ஏறக்குறைய 2,700 மெகாவாட்டாகவும் இருந்தது. பயன்படுத்தாத மின்திறனுக்காக ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் கொடுத்துக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார்.

இரண்டு துன்பங்களுக்கும் வேர் ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிணறு, குழாய், நிலையம், மின்கம்பி, கட்டண வசூல் என்ற ஐந்தும் ஐந்து பேர் கையில், ஐந்து வெவ்வேறு தேதிகளில் நடந்தன. எரிவாயு கிணற்றிலிருந்து வீட்டை நோக்கி வருகிறது. பணம் வீட்டிலிருந்து கிணற்றை நோக்கிப் போகிறது. பெரும்பாலான அரசுகள் முதல் ஓட்டத்தைத் திட்டமிட்டுவிட்டு, இரண்டாவது தானாக நடக்கும் என்று விட்டுவிடுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி வழக்கமான வரிசையில் போகாது. பில் கட்டும் இடத்தில் தொடங்கி, கிணற்றுக்குப் போய், கடைசியில் நிலையத்துக்கு வரும்.

முதல் படி: மின் கட்டணத்தின் ஓட்டையை அளந்துகொள்ளுங்கள்

நிலையத்திலிருந்து 100 யூனிட் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கானாவின் விநியோக நிறுவனத்தில் கம்பியில் வீணாவதும் திருட்டும் சேர்ந்து பல ஆண்டுகளாக ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. மிச்சம் 75 யூனிட்டுக்குத்தான் பில் போட முடியும். அதிலும் பத்து யூனிட்டுக்கான பணம் வரவில்லையென்றால் கையில் கிடைப்பது 65 யூனிட்டின் விலை. எரிவாயு விற்றவருக்கோ 100 யூனிட்டுக்கும் கொடுத்தாக வேண்டும். ஒரு யூனிட்டின் உண்மைச் செலவைப் போல ஒன்றரை மடங்கு வசூலித்தால்தான் கணக்கு நேராகும். அதற்கு எந்த அரசும் துணிவதில்லை. பாக்கி விநியோக நிறுவனத்திடமிருந்து உற்பத்தியாளருக்கும், அவரிடமிருந்து எரிவாயு விற்பவருக்கும் தொற்றிக்கொண்டே போகும். 2015-இல் நைஜீரியத் தரப்பு, பாக்கியைத் தீர்க்காவிட்டால் எரிவாயுவைக் குறைத்துவிடுவோம் என்று எச்சரித்த கட்டத்துக்கு இந்தச் சங்கிலிதான் கொண்டுபோனது.

இதற்கு மேல் நாணயத்தின் சிக்கல் வேறு. எரிவாயுவுக்கு டாலரில் விலை, வீட்டு பில்லுக்கு உள்ளூர் நாணயம். 2022-இன் பிற்பகுதியில் கானாவின் நாணயமான 'செடி', அந்த ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த மதிப்பில் பாதிக்கும் மேல் இழந்திருந்தது. பில்லில் ஒரு காசு மாறாவிட்டாலும் எரிவாயுக் கடன் இரட்டிப்பானது.

ஆகவே புதிய நிலையத்துக்குக் கடன் கேட்கும் முன்னர் மூன்று வேலைகளை முடியுங்கள். ஒன்று, துணைமின் நிலையம் வாரியாக இழப்பை அளந்து, அதிகம் ஒழுகும் பத்து இடங்களில் மீட்டர் மாற்றுங்கள். இரண்டு, அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், குடிநீர் வாரியம் ஆகியவற்றின் மின் கட்டணத்தை வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். பல நாடுகளில் மிகப் பெரிய பாக்கிக்காரர் அரசுதான். மூன்று, வசூலான பணத்தை யாருக்கு எந்த விகிதத்தில் பிரிப்பது என்று எழுதிவைத்த பொதுக் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். கானா அப்படி ஒரு ஏற்பாட்டை 2020 ஏப்ரலில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முதல் அனல்மின் நிலையம் வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு!

இரண்டாம் படி: எவ்வளவு மின்சாரம், எந்த நேரத்தில்

ஆண்டுத் தேவையைச் சொல்லும் ஒற்றை எண் இங்கே உதவாது. நாளின் 24 மணி நேரத்துக்கும் தேவை எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்துகொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு உள்ள மிகக் குறைந்த தேவை எவ்வளவு? அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இயந்திரம் இருக்கலாகாது என்பது மின்கட்டமைப்பு இயக்குபவர்கள் சொல்லும் பொதுவான அளவு. 1,500 மெகாவாட் ஓடும் கட்டமைப்பில் 300 மெகாவாட் இயந்திரம் ஒன்று திடீரென நின்றால் நாடே இருளலாம்.

நீர்மின்சாரத்தை நம்பும் நாடு வறட்சி ஆண்டின் கணக்கையும் போட வேண்டும். கானாவின் அகோசோம்போ அணை 1966 ஜனவரியில் திறக்கப்பட்டது. புதுப்பித்த பின் அதன் திறன் 1,020 மெகாவாட். 1983-84 வறட்சியில் அணை வற்றியபோதுதான் வேறு வழி தேட வேண்டும் என்று உறைத்தது.

மூன்றாம் படி: எரிவாயுக் கணக்கு

இதை ஒரு தாளில் போட்டுவிடலாம். நாளிதழில் செய்தி எழுதுபவரும் கல்லூரி மாணவரும்கூட அமைச்சரின் அறிவிப்பைச் சரிபார்க்க இது உதவும்.

எரிவாயுச் சுழலி (டர்பைன்) மட்டும் இருக்கும் நிலையத்தில் எரிபொருளின் வெப்பத்தில் சுமார் 35 சதவீதம் மின்சாரமாகும். சுழலியின் வால்பக்கம் வெளியேறும் கொதிபுகையைக் கொண்டு நீராவி எடுத்து இன்னொரு சுழலியை ஓட்டினால் 55 சதவீதத்தையும் தாண்டலாம். இதைத்தான் கம்பைன்டு சைக்கிள், அதாவது கூட்டுச் சுழற்சி என்கிறோம். அபோவாட்ஸேயின் முதல் நிலையத்தில் 110 மெகாவாட் எரிவாயுச் சுழலிகள் இரண்டும், அவற்றின் வெப்பத்தில் ஓடும் 110 மெகாவாட் நீராவிச் சுழலி ஒன்றும் உள்ளன. மூன்றாவது 110-க்கு எரிபொருள் செலவே இல்லை. பக்கத்திலேயே உள்ள இரண்டாவது நிலையத்துக்கு அந்த நீராவிப் பகுதி கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. அதுவரை அவ்வளவு வெப்பமும் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போனது.

கூட்டுச் சுழற்சியில் 300 மெகாவாட் நாள் முழுவதும் ஓட ஏறக்குறைய 4.5 கோடி கன அடி எரிவாயு வேண்டும். எரிவாயுவை விலைபேசும் அளவான பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கு (ஏறத்தாழ ஆயிரம் கன அடி) 8 டாலர் என்றால், ஒரு யூனிட்டுக்கு எரிபொருள் செலவு மட்டும் 5 சென்ட். தனிச் சுழலியில் அதே யூனிட்டுக்கு 7.8 சென்ட். ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கு நேரம் ஓடினால், 15 ஆண்டுகளுக்கு 20,000 கோடி கன அடி தேவைப்படும். கானாவின் கடலில் உள்ள ஜூபிலி எண்ணெய் வயலில் அரசுக்கு விலையின்றித் தருவதாக ஒப்புக்கொண்ட எரிவாயுவின் அளவும் அதேதான்: 20,000 கோடி கன அடி. கேட்கப் பெரிதாக இருக்கும். 300 மெகாவாட் நிலையம் ஒன்றின் ஆயுளில் பாதிக்குத்தான் வரும்.

நான்காம் படி: எரிவாயு எங்கிருந்து?

இங்கே நின்று நிதானமாக யோசிக்க வேண்டும். ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு குணம் உண்டு.

அண்டை நாட்டுக் குழாய். நைஜீரியாவிலிருந்து பெனின், டோகோ கடல் வழியாகக் கானாவுக்கு வரும் மேற்கு ஆப்பிரிக்க எரிவாயுக் குழாயின் நீளம் 678 கிலோமீட்டர். நான்கு நாடுகளின் உடன்படிக்கை 2003-இல் கையெழுத்தானது. அபோவாட்ஸே நிலையங்கள் 2000-க்குள் தயாராகிவிட்டன. குழாயிலிருந்து தொடர்ச்சியாக எரிவாயு வர 2010-11 ஆகிவிட்டது. இடைப்பட்ட பத்தாண்டும் விலையேறிய கச்சா எண்ணெயை எரித்தார்கள். குழாய் வந்த பிறகும் ஒப்பந்த அளவான நாளொன்றுக்கு 12.3 கோடி கன அடியில் பாதிகூட வராத மாதங்கள் பல. நைஜீரியாவுக்கே பற்றாக்குறை இருக்கும்போது பக்கத்து வீட்டுக்கு எப்படி ஊற்றும்?

2012 ஆகஸ்டில் நடந்தது இன்னும் கொடுமை. டோகோவின் லோமே துறைமுகத்துக்கு அப்பால் கப்பல் ஒன்றின் நங்கூரம் கடலடிக் குழாயைக் கிழித்துவிட்டது. கடற்கொள்ளையர் அந்தக் கப்பலில் ஏற முயன்றபோது அது நடந்தது என்பது குழாய் நிறுவனம் தந்த விளக்கம். குழாய்க்குள் கடல்நீர் புகுந்தது. நீரை வெளியேற்றி, உலர்த்தி, பழுது பார்த்து மீண்டும் எரிவாயு அனுப்ப ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. ஒரு நங்கூரம், மூன்று நாடுகளுக்கு இருட்டு.

எண்ணெயோடு சேர்ந்து வரும் எரிவாயு. 2007-இல் கண்டுபிடித்த ஜூபிலி வயலில் 2010-இன் இறுதியில் எண்ணெய் வரத் தொடங்கியது. எரிவாயுவைக் கரைக்குக் கொண்டுவரும் குழாயும் அட்டுவாபோ சுத்திகரிப்பு ஆலையும் 2014-இன் இறுதியில்தான் தயாராயின. இந்த எரிவாயு மலிவு; கூடவே சமையல் எரிவாயுவும் பிரித்தெடுக்கலாம் என்பதால் அடுப்படிக்கும் பயன். ஆனால் எண்ணெய் நின்றால் இதுவும் நிற்கும். 2016-இல் எண்ணெய் எடுக்கும் மிதவைக் கப்பலின் சுழல்தாங்கியில் பழுது கண்டு உற்பத்தியை நிறுத்தியபோது, கரையில் நிலையங்களுக்கும் எரிவாயு நின்றுபோயிற்று.

தனி எரிவாயு வயல். கானாவின் கடலில் உள்ள சங்கோஃபா வயலிலிருந்து 2018-இல் எரிவாயு வந்தது. நாளொன்றுக்கு 18 கோடி கன அடி வரை. இந்தத் திட்டத்துக்கு உலக வங்கி 2015-இல் 70 கோடி டாலர் உத்தரவாதம் கொடுத்தது. நம்பகமான வழி இதுதான். ஒப்பந்தமும் அதற்கேற்ப இறுக்கமானது. அதை அடுத்த படியில் பார்ப்போம்.

கப்பலில் வரும் திரவ எரிவாயு. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் எரிவாயு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். கரையோரம் நிறுத்திய மிதவைக் கப்பலில் அதை மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் விடுவார்கள். வங்கதேசம் 2018-இல் மகேஷ்காலியில் நிறுத்திய மிதவையின் திறன் நாளொன்றுக்கு 50 கோடி கன அடி. நம் 300 மெகாவாட் நிலையத்துக்குத் தேவை 4.5 கோடி. ஒரே ஒரு நிலையத்துக்காக மிதவையை வாடகைக்கு எடுத்தால், ஐம்பது பேர் பஸ்ஸில் ஐந்து பேர் ஏறி முழு டிக்கெட்டையும் கட்டுவதாகத்தான் ஆகும். சிறு நாடுகளில் இந்தத் திட்டங்கள் இழுத்துக்கொண்டே போவதற்கு இது முக்கியக் காரணம். இலங்கையின் கெரவலப்பிட்டியில் 300 மெகாவாட் கூட்டுச் சுழற்சி நிலையம் 2010-இல் முடிந்தது. எரிவாயுவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கட்டிய அது, பத்தாண்டுகள் கடந்தும் எண்ணெயில்தான் ஓடியது. மன்னார்ப் படுகையில் 2011-இல் எரிவாயு கண்டதும் அடுத்து எதுவும் நடக்காமல் கடலடியிலேயே கிடந்தது.

கப்பல் எரிவாயுவின் விலையும் நிலையற்றது. 2022-இல் ஐரோப்பா எந்த விலைக்கும் வாங்கத் தயாரானபோது, வங்கதேசம் அந்த ஜூலையில் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி மின்வெட்டை அறிவித்தது. நீண்டகால ஒப்பந்தத்தில் வந்த கப்பல்கள்தான் கைகொடுத்தன. தேவையில் பெரும்பகுதியை நீண்டகால ஒப்பந்தத்திலும், சிறு பகுதியை மட்டும் உடனடிச் சந்தையிலும் வைத்துக்கொள்வதே நல்லது.

எந்த வழியானாலும், சுயேச்சையான நிறுவனம் கிணற்றைச் சோதித்துச் சான்றளிக்கும்வரை நிலையத்துக்கு அடிக்கல் நாட்டாதீர்கள். இந்தியாவில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் எரிவாயுவை நம்பி ஆந்திராவில் வரிசையாக நிலையங்கள் எழுந்தன. 2009-இல் வரத் தொடங்கிய எரிவாயு ஓரிரு ஆண்டுகளிலேயே இறங்குமுகம் கண்டது. 2015 அளவில் நாடெங்கும் 14,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்நாட்டு எரிவாயு இன்றி நின்றன. சாமல்கோட்டில் ஓடாமலே கிடந்த இயந்திரங்களில் ஒரு தொகுதி கடைசியில் வங்கதேசத்தின் மேக்னாகாட்டுக்குக் கப்பலேறியது.

ஐந்தாம் படி: ஒப்பந்தங்களை ஒரே தேதியில் கட்டுங்கள்

'டேக் ஆர் பே' என்ற நிபந்தனையை ஆங்கிலத்தில் படித்துவிட்டுக் கையெழுத்திடுபவர்கள் அதைத் தாய்மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும்: எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம். கடலுக்கடியில் பல நூறு கோடி டாலர் போடுபவர் இதைக் கேட்பது நியாயம்தான். ஆனால் எடுத்துக்கொள்ள நாம் தயாராக இருக்கும் தேதியும் அவர் கொடுக்கும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சங்கோஃபாவில் அது தவறியது. எரிவாயு மேற்குக் கரையில் வந்திறங்கியது. அதை எரிக்கக்கூடிய நிலையங்களில் பல, கிழக்கே டெமா துறைமுக நகரில் இருந்தன. இடையில் இருந்த ஒரே வழி நைஜீரியக் குழாய். அது கிழக்கிலிருந்து மேற்காக ஓடக் கட்டியது. அதை எதிர்த்திசையில் ஓடவைக்கும் வேலை 2019-இல்தான் முடிந்தது. அதுவரை எடுக்காத எரிவாயுவுக்கு அரசு பணம் கட்டியது. டெமாவில் எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்த 450 மெகாவாட் மிதக்கும் மின்நிலையக் கப்பலையே மேற்கே செகோண்டிக்கு இழுத்துவந்து எரிவாயுவுக்கு மாற்றினார்கள். எரிவாயு நிலையத்தைத் தேடிப் போகவில்லை. நிலையம் எரிவாயுவைத் தேடி வந்தது.

நெருக்கடியின் நடுவில் போடும் ஒப்பந்தங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். டும்சோர் காலத்துக் கோபத்தில் கானா அடுக்கடுக்காகக் கையெழுத்திட்டது. தேவைக்கு மிஞ்சியதும் சிலவற்றை ரத்து செய்தது. அவசரகால ஒப்பந்தம் ஒன்றை ரத்து செய்ததற்காக 2021 ஜனவரியில் நடுவர் மன்றம் விதித்த தொகை 13.4 கோடி டாலரும் வட்டியும்.

கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் கேட்க வேண்டியவை இவை. எரிவாயு வராவிட்டால் விற்பவர் நமக்கு என்ன கட்டுவார்? எடுக்காமல் பணம் கட்டிய எரிவாயுவைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாமா, எத்தனை ஆண்டுக்குள்? மின்கம்பி முடியாமல் நிலையம் மட்டும் தயாரானால் யார் தலையில் விழும்? போட்டி ஏலம் இல்லாமல் வரும் எந்த யோசனையையும், அது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: இடம், மக்கள்

எரிவாயுவைக் கொண்டுபோவது சுலபமா, மின்சாரத்தைக் கொண்டுபோவது சுலபமா என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காவிரிப் படுகையின் சிறு வயல்களுக்குப் பக்கத்திலேயே குத்தாலம், வழுதூர் போன்ற 100 மெகாவாட் அளவிலான நிலையங்களைத் தமிழ்நாடு கட்டியது அதனால்தான். குழாய் போட்டு நகரத்துக்குக் கொண்டுபோகும் அளவுக்கு அங்கே எரிவாயு இல்லை.

எரிவாயு எடுக்கும் ஊருக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொடுங்கள். தான்சானியாவின் மிட்வாராவிலிருந்து தார்-எஸ்-சலாமுக்குக் குழாய் போட முற்பட்டபோது, 2013-இல் மிட்வாரா மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின. காவிரிப் படுகை உழவர்களின் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு, 2020-இல் தமிழ்நாடு அரசு அந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. நிலம் கொடுப்பவர்களை அழைத்துப் பேசாமல் தொடங்கும் திட்டம் நியாயமும் இல்லை, நிலைப்பதும் இல்லை.

ஏழாம் படி: மாற்று எரிபொருளும் உதிரிபாகமும்

எரிவாயு நிற்கும் நாள் வரும். 2020 தொடக்கத்தில் நைஜீரியக் குழாயின் உட்புறத்தைத் துப்புரவு செய்து சோதிக்கும் வேலைக்காகவே கானாவுக்கு விநியோகம் தடைபட்டது. ஆகவே டீசலிலும் ஓடக்கூடிய சுழலியாக வாங்குங்கள். அதே நேரத்தில் அளவையும் மனத்தில் வையுங்கள். 300 மெகாவாட்டை டீசலில் ஒரு நாள் ஓட்ட ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர் வேண்டும். 20,000 லிட்டர் டேங்கர் லாரிகள் அறுபது. பத்து நாள் இருப்பை நிலையத்திலேயே வைக்கத் தொட்டி கட்டாவிட்டால் அந்த வசதி காகிதத்தில்தான் இருக்கும். சுழலியின் வெப்பப் பகுதிகளை உற்பத்தியாளர் சொன்ன ஓட்ட மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். டீசலில் ஓடினால் இன்னும் சீக்கிரம். அதற்கான டாலரையும் இன்றே ஒதுக்குங்கள்.

எட்டாம் படி: சூரியனுக்கு இடம் விடுங்கள்

நல்ல கூட்டுச் சுழற்சி நிலையம் ஒரு யூனிட்டுக்கு நிலக்கரியின் கரியமில வாயுவில் பாதிக்கும் குறைவாகவே வெளியிடுகிறது. ஆனால் வழியில் கசியும் மீத்தேன் இருபதாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் எண்பது மடங்கு சூடேற்றும். கசிவை அளக்கும் கருவியும் அதைச் சரிசெய்யும் ஆளும் இல்லையென்றால் இந்த நன்மையில் பெரும்பகுதி காற்றோடு போகும். பகலில் சூரிய மின்சாரம் மலிந்துவரும் காலம் இது. பகலில் தணிந்தும் மாலையில் எகிறியும் ஓடக்கூடிய இயந்திரங்களை வாங்குங்கள். எரிவாயு ஒப்பந்தத்திலும் நாளுக்கு நாள் அளவை மாற்றிக்கொள்ள இடம் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் எரிவாயு

நிலையத்தின் வேலியோரம் சரளைக்கல் பரப்பிய ஒரு திடல் இருக்கும். குழாய் மண்ணுக்குள்ளிருந்து அங்கேதான் தலைநீட்டுகிறது. முதலில் துளித் திரவத்தைப் பிரிக்கும் உருளை. எண்ணெய்த் துளி ஒன்று சுழலிக்குள் போனாலும் எரிமுனை கருகிவிடும். அடுத்து வடிகட்டி. அழுத்தம் குறையும்போது வாயு குளிர்ந்து உறைபனி கட்டும் என்பதால் அடுத்ததாக ஒரு சூடேற்றி. அதன் பிறகு மீட்டர்; அதன் பக்கத்திலேயே சரிபார்க்க இன்னொரு மீட்டர். அழுத்தம் சுழலிக்கு வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கினால் இயந்திரம் தானாகச் சுமையைக் குறைக்கும், பிறகு நின்றுவிடும். அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு இரவுப் பணியில் ஒருவர் எப்போதும் இருப்பார்.

முதல் நாள், குழாயில் உள்ள காற்றை நைட்ரஜனால் வெளியேற்றி, கசிவு பார்த்து, மெல்ல மெல்ல அழுத்தம் ஏற்றுங்கள். இரண்டு மீட்டரின் அளவையும் விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து நின்று குறித்துக் கையெழுத்திடட்டும். மாத முடிவில் அந்த எண்ணை வைத்து முதல் பில் வரும். முதல் படியில் திறந்த பொதுக் கணக்கில் அதற்கான தொகை, டாலரில், அன்றைக்கே இருக்க வேண்டும்.